நஷ்டமே தெரியாத கதாநாயகன்

நண்பர் ஒருவர் வழவழ தாளில் ஒரு பிரசுரம் கொடுத்தார். பணத்தைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். டாலர், யூரோ வாங்கி விற்று மாசம் 10 சதவிகிதம் தருகிறோம் என்கிறது. 'மேனேஜ்டு அக்கவுன்ட்'டாம். கதையாகப் படித்தால் சுவாரஸ்யம்தான். கணக்காகப் போட்டுப் பாருங்கள்: லாபத்தை எடுக்காமல் விட்டால் ஒரு லட்சம் 5 வருஷத்தில் 3 கோடி! இந்த வித்தை தெரிந்தவருக்கு உங்கள் ஒரு லட்சம் எதற்கு?

திரையில் ஏறும் லாபத்தை யார் வேண்டுமானாலும் டைப் அடிக்கலாம். பாதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். 'முதல்ல வரி கட்டுங்க சார்' என்றால் புரிந்துகொள்ளுங்கள். அனுமதியில்லாத கம்பெனிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022-லிருந்து வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லாததால் யோக்கியர் என்று அர்த்தமில்லை.

"சும்மா அம்பதாயிரம்தான் போட்டிருக்கேன்" என்றார் நண்பர்.

"திருப்பிக் கேட்டீங்களா?"

பிரசுரத்தை வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.