ஸ்பானிய வினைச்சொல்லில் அசையும் அழுத்தமும் உறுப்பும்

வினைச்சொல்லொன்றை இரு வகையாற் பிரிக்கலாம். ஒன்று ஒலிபற்றிய அசைப்பிரிப்பு. மற்றொன்று பொருள்பற்றிய உறுப்புப்பிரிப்பு. இவ்விரண்டும் தம்முள் ஒத்துச் செல்லவேண்டும் என்னும் நியதி இல்லை. ‘செய்தான்’ என்பது அசையால் செய் - தான் என நிற்கும். உறுப்பாலோ செய் + த் + ஆன் என நிற்கும். ஸ்பானிய மொழியிலும் இதுவே நிலை. ‘பேசுகிறேன்’ எனப் பொருள்படும் அப்லோ என்னுஞ் சொல், ஒலிக்குமிடத்து அ - ப்லோ எனவும், பகுதி விகுதி நோக்குமிடத்து அப்ல் + ஓ எனவும் பிரியும்.

இவற்றோடு, தமிழிற் பொருள் வேறுபாட்டிற்குப் பயன்படாத அழுத்தம் என்னுங் கூறும் ஸ்பானியத்தில் உண்டு. அப்லோ என்பதன் முதலசையை அழுத்தின் ‘பேசுகிறேன்’ என்றாகும். ஈற்றசையை அழுத்தின் ‘பேசினான்’ என்றாகும். ஒலிகள் அவையே; காலமும் இடமும் வேறு. உயிரிலோ ன், ஸ் என்பவற்றிலோ முடியுஞ் சொற்கள் ஈற்றயலசையிலும், பிற மெய்களில் முடிவன ஈற்றசையிலும் அழுத்தம்பெறுதல் பொதுவிதி. மாறுபடுவன உயிர்மேற் சாய்கோடு பெறும். ன், ஸ் இரண்டும் வினையில் இடமும் எண்ணுங் காட்டும் விகுதிகளாதல் கருதத்தக்கது. அப்லஸ், அப்லன் என அவை வந்து சேரினும் அழுத்தம் முதலசையை விட்டுப் பெயர்வதில்லை.

பாடநூலிலக்கணங்களின் குறை இங்கேதான் புலனாகின்றது. ‘உறங்குகிறேன்’ என்பது துவேர்மோ. ‘உறங்குகிறோம்’ என்பது தோர்மிமோஸ். பகுதி திரிதலால் இவ்வினையை ஒழுங்கற்றதெனக் கூறி, மாணவரை மனனஞ் செய்ய விடுவது அந்நூல்களின் வழக்கம். விகுதியை மட்டும் நோக்குவார்க்கு அது ஒழுங்கின்மையே. அழுத்தத்தை நோக்குவார்க்கோ ஒழுங்கு தெளிவாகும். நிகழ்கால வடிவங்கள் ஆறனுள், ஒருமை மூன்றிலும் படர்க்கைப் பன்மையிலும் அழுத்தம் பகுதியில் விழும். ஆண்டே ஒகரம் ‘உவே’ எனத் திரியும். ஏனைய இரண்டிலும் அழுத்தம் பகுதியைக் கடந்து செல்லும். ஒகரம் திரியாது நிற்கும்.

எனினும் அழுத்தம் ஒன்றே முழுக்காரணம் ஆகாது. ‘ஓடுகிறேன்’ எனப் பொருள்படும் கொர்ரோ என்பதில் அழுத்தம் பகுதியில் விழுந்தும் ஒகரம் திரியவில்லை. முன்னதன் ஒகரம் இலத்தீனிற் குற்றொகரம். பின்னதன் ஒகரமோ இலத்தீன் உகரத்தின் வழிவந்தது. அழுத்தம் திரிபின் இடத்தைக் காட்டும். திரிதற்குரிய வினை எதுவென்பதை வரலாறே காட்டும்.

‘பேசுவான்’ எனப் பொருள்படும் அப்லரா என்பதும் இத்தகையதே. ‘பேசல்’ என்னும் அப்லர், ‘உடையன்’ என்னும் ஆ ஆகிய இரு சொற்களின் கூட்டே இது. ஆதலின் அழுத்தம் ஈற்றில் நின்றது. ரகரம் பகுதியை நீங்கி ஈற்றசையைச் சார்ந்தது. பழைய ஸ்பானியத்தில் இவ்விரண்டன் இடையே பதிலிப்பெயர் புகுதலும் உண்டு. 1492இல் முதல் ஸ்பானிய இலக்கணத்தை வெளியிட்ட அந்தோனியோ தெ நெப்ரிஹா இக்கூட்டினை அன்றே கண்டுணர்ந்தார்.

அசை, அழுத்தம், உறுப்பு என்னும் மூன்றையும் தனித்தனியே பிரித்தறிந்து, பின் இயைத்து நோக்குவதே தக்க நெறி. விதிவிலக்கெனப் பெயரிட்டு ஒதுக்குவது விளக்கம் ஆகாது; அது விளக்க முயலாமையின் மறுபெயரே.