ஆற்றில் இல்லாத நீலம்

ஓரிக்கையிலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டுகிறவர்கள் பெரும்பாலும் கீழே பார்ப்பதில்லை. பார்க்க என்ன இருக்கிறது? மணல், நாணல், சீமைக்கருவேலம், கரையில் சில பனைகள். ஊரடங்கு காலத்தில் வாங்கிய வாட்டர்கலர் பெட்டியோடு நான் போய் உட்கார்ந்தது அங்கேதான். படம் வரைந்தால் மனசு அமைதியாகும் என்றார்கள். ஆனது என்னமோ உண்மை. ஈரத்தாளில் நிறம் தானாகப் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே ஒரு மணி நேரம் போய்விடும்.

முதலில் முடித்த படத்தை வீட்டில் காட்டினேன். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த அப்பா, தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தண்ணியே இல்லாத ஆத்துக்கு எதுக்குடா இவ்ளோ நீலம்?"

என்னிடம் பதில் இல்லை. யூடியூபில் பார்த்த ஏதோ ஒரு ஆற்றைப் பாலாற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்திருந்தேன். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. பாலத்தில் நின்று பார்த்தேன். அப்போதும் நீலம் இல்லை, டீக்கடை டீயின் நிறம். அப்படியானால் எனக்குக் கிடைத்த அமைதி எதைப் பார்த்து வந்தது?

இந்தக் கேள்வியோடு இருந்தபோதுதான், 2022 டிசம்பரில், மனோகர் தேவதாஸ் காலமான செய்தி வந்தது. அதற்குப் பிறகே அவருடைய மைக்கோட்டு ஓவியங்களை உட்கார்ந்து பார்த்தேன். 1936இல் பிறந்து மதுரையில் வளர்ந்தவர். வேதியியல் படித்துச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஓவியம் அவருக்குத் தொழில் அல்ல. ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயால் கொஞ்சங் கொஞ்சமாகப் பார்வையை இழந்தார். 1972இல் நடந்த கார் விபத்தில் மனைவி மஹிமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. இத்தனைக்கும் நடுவே மதுரையின் கோபுரங்களையும் பாறைகளையும் கிணறுகளையும் வரைந்துகொண்டே இருந்தார். ஓவியங்களை வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டு, வந்த பணத்தை அறப்பணிகளுக்குக் கொடுத்தார். 'கிரீன் வெல் இயர்ஸ்' அவருடைய மதுரைப் பால்யத்தின் நாவல்.

இந்தக் கதை தெரிந்துவிட்டால் படத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாகிவிடுகிறது. 'கண் போன பிறகும் வரைஞ்சாரே' என்று நெகிழ்ந்துவிட்டு, படத்தைப் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறோம். அது அவருக்குச் செய்யும் மரியாதையாகத் தெரியவில்லை.

படத்துக்கு வருவோம். பாறை, இலை, நீர், கல்தூண் எல்லாமே கோடு. வெளிச்சம் என்பது மை படாமல் விட்ட வெள்ளைத்தாள். நிழல் வேண்டுமென்றால் மெல்லிய கோடுகளை அடுக்கிக்கொண்டே போக வேண்டும். வாட்டர்கலரில் தண்ணீர் பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே கை தூக்கிவிட ஆளில்லை. அந்த நோய் பார்வையை ஓரங்களிலிருந்து தின்று வரும்; கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆகிவிடும். ஒரே பார்வையில் முழுக் காட்சியும் கிடைக்காதவர் துண்டு துண்டாகத்தான் சேகரிக்க வேண்டும். தூரத்துப் பாறைக்கும் பக்கத்துச் செடிக்கும் அவர் ஒரே அக்கறையைக் கொடுப்பது அதனால்தானோ என்று தோன்றுகிறது.

எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. எங்கள் ஊர்ப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து, ஊடைக்கு ஊடை கோத்துக்கொண்டே போவார்கள். கோர்வை என்று பெயர். இணைப்பு தெரியாமல் இருப்பதுதான் கைத்திறன். தேவதாஸின் ஓவியங்களில் கண் பார்த்ததும் நினைவு தந்ததும் அப்படித்தான் கோக்கப்பட்டிருக்கின்றன. எது இன்னும் இருக்கிறது, எது போய்விட்டது என்று பிரித்தறிய முடியவில்லை. எல்லாம் சுத்தமாக, முழுமையாக நிற்கின்றன. இழப்பின் தையல் எங்காவது ஓரிடத்தில் தெரிந்திருக்கலாமே என்று மனசு கேட்கிறது.

ஆனால் அவர் வரைந்த கிணற்றில் ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது. அதில் பையன்கள் குதித்திருக்கிறார்கள். என் நீலம் ஒருநாளும் பாலாற்றில் ஓடியதில்லை. நல்ல கண்களை வைத்துக்கொண்டு நான் பார்க்காமல் விட்டதை, மங்கும் கண்களோடு அவர் பார்த்துச் சேமித்தார். இரண்டு படங்களும் அமைதியைத் தரலாம். என்னுடைய அமைதி, ஆற்றை மறந்ததால் வந்தது. அவருடையது அப்படி வந்திருக்க முடியாது.

இப்போதெல்லாம் ஒரு மைப்பேனாவும் மண் நிறம் ஒன்றும் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன். நாணலின் ஒரு கொத்தை வரையவே இரண்டு மணி நேரம் ஆகிறது. பாதி நேரம் எரிச்சல்தான். ஆனால் மணலில் இத்தனை நிறங்கள் உண்டென்று தெரிந்ததும், மாலையில் காற்று திரும்பும்போது நாணல் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே தெரிவதும் சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷம் என்ற சொல் கொஞ்சம் பெரிசு. பரவாயில்லை, அதுதான்.

அப்பாவுக்கு இப்போது ஜரிகை இழை சரியாகத் தெரிவதில்லை. தறியை நிறுத்தி ஆறு மாசம் ஆகிறது. போன வாரம் வரைந்ததைக் கொடுத்தேன். வழக்கம்போலக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இந்தப் பனைய போன வருஷமே வெட்டிட்டாங்களே?"

"தெரியும்பா. அதான் அத மட்டும் விட்டுவிட்டு இழுத்திருக்கேன், பாருங்க."

ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் அந்தப் புள்ளிக்கோட்டைத் தடவினார். "எங்க நின்னுச்சோ அங்கயேதான் போட்டிருக்க" என்றார்.