தினைப்புனத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு

கொக்கு தினை தின்னாது. நீர்க்கரையில் மீனுக்குக் காத்து நிற்கிற பறவை அது. மூதுரையில் ஔவை காட்டுவதும் அந்தக் கொக்கைத்தான். தினைப்புனத்துக்கு வருவது கிளியும் குருவியும். அப்படியிருக்க, 'வள்ளி திருமணம்' நாடகத்திலே வள்ளி புனம் காக்கும் இடத்துக்கு ஒரு வெள்ளைக் கொக்கு ஏன் பறந்து வந்தது? இந்தப் பாட்டைத் 'தேசபக்திப் பாடல்' என்று ஒற்றை வரியில் சொல்லிக் கடந்து போகிறவர்களே அதிகம். இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் அதிலுள்ள நையாண்டி விளங்கும் என்பது என் எண்ணம்.

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமணம்' ஊர் ஊராக ஆடப்பட்ட இசை நாடகம். 'ஸ்பெஷல் நாடகம்' முறையில் நடிகர்கள் தனித்தனியே வந்து அன்றிரவு மேடையில் சேர்வார்கள். கதை எல்லாருக்கும் தெரிந்தது; ஆகவே இடையிலே புதுப்பாட்டு நுழைக்க இடமிருந்தது. அந்த இடத்தைப் பயன்படுத்தியவர் சிவகாசியில் பிறந்த எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் (1886–1940). முருகன் வேடத்தில் நின்று, வள்ளிக்குக் கொக்கைக் காட்டிப் பாடினார். பாட்டை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ் என்பார்கள். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்குப் பாட்டெழுதியவரும் அவரே. வியாபாரம் என்று சொல்லிக் கடல் தாண்டி வந்த கொக்கு, நம் பிழைப்பைக் கெடுத்துக் கொள்ளையடிக்கிறது. பாட்டின் சாரம் இவ்வளவுதான்.

இதைப் புத்தகத்தில் வாசித்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. மேடையிலே கதை வேறு. தினை தின்னாத பறவையை ஏன் விரட்ட வேண்டும் என்று யோசித்த மறுகணமே, 'வெள்ளை' என்ற சொல் தன் வேலையைச் செய்துவிடும். உவமை பொருந்தாமல் இருப்பதே இங்கே சாமர்த்தியம். 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் கையில் இருந்தும் பொலிசுக்கு ஒரு சங்கடம்: பாடியவரைப் பிடிக்க வேண்டுமானால், கொக்கு என்றது எங்களைத்தான் என்று அவர்களே சொல்லியாக வேண்டும். அப்படியும் பிடித்தார்கள். பலமுறை சிறைக்குப் போன விஸ்வநாததாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர் துறந்தார்.

முருகன் கதையில் நமக்கென்ன வேலை என்று நம்மில் சிலர் கேட்கக் கூடும். நம்பிக்கை வேறு, இலக்கிய உத்தியைப் படிப்பது வேறு. வேடத்தின் வாயால் பேசுவது நமக்கும் புதிதல்ல. வள்ளல் சீதக்காதி பேரில் நொண்டி நாடகம் இருக்கிறது. அந்த வகை நாடகத்தில் கால் இழந்த கள்ளன் தன் கதையைத் தானே சொல்லுவான். அவன் வாயில் வருகிற கேலிக்குப் புலவர் பொறுப்பில்லை. கொக்குப் பாட்டும் அந்த உறவுதான்.

இனி நம்முடைய மலைகளுக்கு வருவோம். தமிழ்நாட்டு நாடகக்காரர்கள் இலங்கைக்கும் வந்தார்கள், கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொழும்பு மேடையில் சேர்ந்து நடித்தார்கள். ஆனால் தோட்டத் துரைமார் வெளியாரை லயத்துப் பக்கம் விடவில்லை. தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போலத் தோட்டங்களுக்குள் போனார் என்பார்கள். மற்றவர் மேடையில் போட்ட வேடத்தை அவர் தோட்ட வாசலில் போட்டார். அவருடைய துணைவி மீனாட்சியம்மாள், சனங்களுக்குப் பழகிய மெட்டுகளில் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். 1940இல் அவை சிறு நூலாகவும் வந்தன. பதுளை வேவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தமும் அதே ஆண்டுதான். மீனாட்சியம்மாள் பாட்டில் கொக்கு இல்லை. சொல்ல வந்ததை நேரே சொல்கிறார். நையாண்டி என்று பார்த்தால் விஸ்வநாததாஸ் பாடியதே கூர்மையானது. ஆனால் கேட்டவர்களுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது நேர்ப்பேச்சு. ஒன்றை வைத்து மற்றதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இது பழங்கதையல்ல. பதுளையில் நான் படிப்பிக்கும் பிள்ளைகளிடம் நாட்டார் பாடல் சேகரிக்கச் சொன்னால், கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் கேலி செய்கிற பாட்டுகளைப் பசறை, ஹாலிஎலப் பக்கத்துப் பிள்ளைகள் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வருகிறார்கள். சி.வி. வேலுப்பிள்ளை அந்த வேலையை முன்பே தொடக்கி வைத்தார். ஆனால் வரிகள் மாத்திரம் போதாது. பெரட்டுக் களத்தில் பாடியதா, கொழுந்து மலையிலா? கங்காணி காதில் விழப் பாடியதா, அவர் போன பிறகா? அதையும் கேட்டு எழுதாவிட்டால் கேலி போய் வெறும் சொல்தான் மிஞ்சும். பாட்டிமார் இருக்கும்போதே கேட்கச் சொல்லுங்கள். கடைத்தெருவில் இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்கள். தோட்டத்துக்குத் துணி சுமந்து போன நம்மவர் காதிலும் அந்தப் பாட்டுகள் விழுந்திருக்கும்.