குடித்தனத் தலைவர் யார்? தேசியக் கணக்கும் கல்முனைக் கரையும்

நமது நாட்டிலே புள்ளிவிபர அறிக்கைகளை இலக்கியம்போல் ஊன்றிப் படிப்பவர் மிகச் சிலரே. வகுப்பறையில் ஆசிரியர் அவற்றிலிருந்து இரண்டோர் எண்களை எடுத்துக் கரும்பலகையில் எழுதுவார். மாணவர் அவற்றைப் பரீட்சைக்காக மனனஞ் செய்வர். அத்துடன் காரியம் முடிந்துவிடும். ஆனால், ஒரு நாவலாசிரியன் எந்த மாந்தரைத் தேர்ந்தெடுத்தான், எவரை ஒதுக்கினான், எவருடைய கண்கொண்டு உலகைக் கண்டான் என்றெல்லாம் வினவுகின்ற நாம், ஒரு தேசம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் கணக்கேட்டையும் அவ்வாறே வினவக் கடமைப்பட்டவர்கள். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்டு வரும் வீட்டு வருமான, செலவின ஆய்வறிக்கைகளைக் கல்முனைக் கரையில் நின்றுகொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய கணக்கெடுப்பு நமக்குப் புதிதன்று. 1950 இல் நிறுவப்பெற்ற மத்திய வங்கி, 1953 இலேயே நுகர்வோர் நிதி ஆய்வொன்றை நடத்தியது. இடையிட்டு இடையிட்டு 2003/04 வரை அவ்வரிசை தொடர்ந்தது. 1980/81 முதல் புள்ளிவிபரத் திணைக்களம் தனது ஆய்வை நடத்தி வருகிறது. 2016 ஆம் ஆண்டின் ஆய்வுக்கு நாடெங்கும் 25,000 குடித்தனங்கள் மாதிரியாகத் தெரிவு செய்யப்பட்டன. உத்தியோகத்தர் வீடு வீடாகச் சென்று, அரிசி, மரக்கறி, மீன் என்று ஒரு வாரத்து உணவுச் செலவை நாளுக்கு நாள் பதிகின்றனர். கூலி, விளைச்சல், வியாபாரம், பிறர் அனுப்பிய பணம் என்று வரவுகளையும் கேட்டு எழுதுகின்றனர். விலைச் சுட்டெண்ணின் நிறைகளும் வறுமைக் கோடும் இந்த ஏடுகளிலிருந்தே பிறக்கின்றன. இவ்வளவு உழைப்பின் விளைவை வெறும் பொய் என்று தள்ளிவிடுதல் பொறுப்பற்ற செயல். எண்கள் பொய்யா என்பதன்று நமது கேள்வி. அவை எதனை ஓர் அலகாகக் கொண்டு எண்ணுகின்றன என்பதே கேள்வி.

முதலில் சராசரியை எடுத்துக்கொள்வோம். 2019 ஆம் ஆண்டில் இலங்கைக் குடித்தனமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால், எல்லாக் குடித்தனங்களையும் வருமான வரிசையிலே நிறுத்தி நட்டநடுவில் நிற்பதைப் பார்த்தால், அதன் வருமானம் 53,333 ரூபாவே. அதாவது, நாட்டின் செம்பாதிக் குடித்தனங்கள் இந்த இரண்டாவது தொகையைக்கூட எட்டவில்லை. மேலே இருக்கும் சிலருடைய செல்வமே சராசரியை இவ்வளவு தூரம் உயர்த்திவிடுகின்றது. 2016 ஆய்வின்படி உச்சியிலுள்ள ஐந்திலொரு பங்கினர் மொத்த வீட்டு வருமானத்தில் 50.8 வீதத்தைப் பெற்றனர். அடியிலுள்ள ஐந்திலொரு பங்கினர்க்குக் கிடைத்ததோ 4.8 வீதம். இவை அரசாங்கமே அச்சிட்ட எண்கள். சமத்துவமின்மையை நிறுவ நாம் வேறெங்கும் அலையவேண்டியதில்லை.

அடுத்து, அளவுகோலின் பிறப்பு. 1990/91, 1995/96, 2002 ஆகிய மூன்று ஆய்வுகளிலும் போர் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்கள் இடம்பெறவில்லை. 2002 ஆம் ஆண்டு ஆய்வினை அடிப்படையாகக் கொண்டே, ஆளொருவர்க்கு மாதம் 1,423 ரூபா என்ற உத்தியோகபூர்வ வறுமைக் கோடு வகுக்கப்பட்டது. கல்முனையின் சட்டியிலும் யாழ்ப்பாணத்தின் பானையிலும் என்ன வெந்தது என்று பாராமலே, ஏழையின் உணவுக்கூடைக்கு விலை குறிக்கப்பட்டது. விலைவாசிக்கேற்ப உயர்த்தப்பட்டு வந்த அதே கோடு 2016 வரை அரசாண்டது. அதன்படி அவ்வாண்டில் வறியவர் 4.1 வீதமே. பின்னர் கோடு புதிதாக வரையப்பட்டபோது, 2019 இன் வறியவர் 14.3 வீதமாயினர். மூன்றே ஆண்டில் வறியவர் மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிடவில்லை. மாறியது பெரும்பாலும் கோடுதான்; அதுவரை கோட்டுக்கு மேலே நிறுத்தப்பட்டிருந்த ஏழைகள் கோட்டுக்குக் கீழே வந்து சேர்ந்தனர். 2022 இன் நெருக்கடியில் விலைகள் பாய்ந்தபோது, அந்தப் புதிய கோட்டின் ரூபாப் பெறுமதியும் ஏறக்குறைய இரு மடங்காயிற்று.

இனி மாவட்டத்துக்கு வருவோம். மட்டக்களப்பின் தென்பகுதியைப் பிரித்து 1961 இல் அம்பாறை மாவட்டம் அமைக்கப்பட்டது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்கள் மேற்கே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் நெருக்கியடித்து நிற்கும் கரையோரம் கிழக்கே. சம்மாந்துறை வட்டையில் நெல் விளைவிப்பவன், சாய்ந்தமருதுக் கரையில் கரைவலை இழுப்பவன், மருதமுனையில் தறி நெய்பவன், அம்பாறை நகரத்து அரசாங்க உத்தியோகத்தன் ஆகிய நால்வரையும் கூட்டி நாலால் வகுத்து 'அம்பாறை மாவட்டச் சராசரி' என்கிறது அறிக்கை. அச்சராசரி மனிதனை இந்நால்வரில் எவரும் தமக்குள் அடையாளங் காணார்.

நாளும் கிழமையும் மாறும் வருமானத்தை ஒரே மாத எண்ணாக ஆக்குவதிலும் தொல்லையுண்டு. பெரும்போகத்து வெட்டு முடிந்ததும் கைக்கு வரும் நெல்லில் ஒரு பங்கு, விதைப்பின்போது வாங்கிய கடனுக்குக் களத்திலேயே அளக்கப்படுகிறது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வலைக்காரர் முதலாளியிடம் முற்பணம் பெற்று உண்கின்றனர். மீன் பட்டதும் அக்கடன் அவர்தம் பங்கிலிருந்து கழிகின்றது. வருமானம் என்று ஏட்டில் ஏறுவதில் பாதி, ஏறுமுன்னரே மற்றொருவனுடையது. வரவைக் கேட்பதோடு நில்லாது, அது யாருக்குக் கடமைப்பட்டது என்றும் கேட்டாலன்றி உழைப்பவனுடைய நிலை புலப்படாது.

இவையெல்லாவற்றிலும் ஆழமான குறை, 'குடித்தனம்' என்ற கருத்தமைப்பிலேயே கிடக்கின்றது. ஒன்றாக வசித்து, ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர் ஒரு குடித்தனம். மற்றவர்கள் தலைவர் என்று ஏற்றுக்கொள்பவர் அதன் தலைவர். இந்த இலக்கணத்தின்படி நாட்டின் குடித்தனங்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்குக்கே பெண் தலைவி. மற்றவற்றில் ஆணே தலைவன். அவனைச் சுற்றியே வரவும் செலவும் உடைமையும் எழுதப்படுகின்றன. ஒரு கூரை, ஒரு பணப்பை, ஒரு தலைவன் என்பதே இவ்வேட்டின் கதைக்கரு.

கல்முனைக் கரையின் உண்மை வேறு. மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரையுள்ள தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குக் கல்யாணமாகும்போது பெற்றோர் அவளுக்கு வீடும் வளவும் எழுதிக் கொடுக்கின்றனர். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுகின்றான். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. தேவையானால் பெற்றோர் சிறிய குடில் ஒன்றுக்கு ஒதுங்குவர். நூர் யல்மன் 1967 இல் வெளியிட்ட நூலிலும், டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட நூலிலும் இம்முறை விரிவாக எழுதப்பட்டுள்ளது. இப்பகுதி மக்களுக்கு இது நூலிலே படித்தறியும் செய்தியன்று. சகோதரனின் பங்கில் பாதியே சகோதரிக்கு என்று கூறும் வாரிசுச் சட்டம் செயற்படத் தொடங்குமுன்னரே, பெற்றோர் உயிரோடிருக்கையில் குடும்பச் செல்வத்தின் பெரும்பகுதி பெண்மக்களின் கைக்குச் சென்றுவிடுகின்றது.

இதனை நாம் பொற்காலமாகப் புனைய முன்வரவில்லை. சீதன வீட்டுக்கு மேலாகக் கைக்கூலியும் கேட்கும் மாப்பிள்ளைமார் மலிந்த சமுதாயம் இது. நாலு குமர்களைப் பெற்ற ஏழைக்கு நாலு வீடு கட்டுவது வாழ்நாள் சிறை. எனினும், அதே வீட்டின் உறுதிதான் பெண்ணின் காவல். கணவன் கைவிட்டாலும் அவள் தெருவில் நில்லாள். புறப்பட்டுப் போகவேண்டியவன் அவனே. ஒரே வீடு, கட்டும்வரை தாய் தந்தையர்க்குச் சுமை. கட்டிய பின் மகளுக்கு அரண். இந்த முரண்பாட்டை உணராத கணக்கு, கிழக்கிலங்கையின் குடும்பத்தை அறியாத கணக்கே.

அச்சுமையைத் தூக்கவே எத்தனையோ உம்மாமார் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்றனர். அவர்களைக் கணக்கேடு எவ்வாறு காண்கின்றது? வெளிநாட்டில் வாழ்பவள் குடித்தனத்தின் அங்கத்தவள் அல்லள். ஆகவே அவள் பெயர் இல்லை. அவள் அனுப்பும் பணம் மட்டும் வெளியிலிருந்து வந்த உதவியாக வரவுப் பக்கத்தில் ஏறுகின்றது. உண்ணும் வாய் ஒன்று குறைந்தது, வரும் பணம் கூடிற்று. எனவே தலைக்குரிய வருமானம் உயர்ந்தது! தாயற்ற வீட்டில் தம்பி தங்கைகளுக்குச் சமைக்கும் பதின்மூன்று வயது மகளின் உழைப்பு எந்த நிரலிலும் இல்லை. வீட்டினர் தமக்காகச் செய்யும் சமையல், துப்புரவு, பிள்ளை பராமரிப்பு ஆகியவற்றைத் தேசியக் கணக்குமுறை உற்பத்தியாக ஏற்பதில்லை. வேடிக்கை யாதெனில், அதே கணக்குமுறை சொந்த வீட்டில் குடியிருப்போர் தமக்குத் தாமே வாடகை கொடுப்பதாகக் கற்பித்து, அதனைத் தேசிய உற்பத்தியிற் சேர்த்துக்கொள்கின்றது. கல்லும் சீமெந்தும் உழைப்பதாக ஒப்புக்கொள்ளும் ஏடு, அக்கூரையின் கீழ் அடுப்பூதும் பெண் உழைப்பதாக ஒப்புக்கொள்ள மறுக்கின்றது.

வருமானம் ஓடும் நீர். செல்வம் குளத்தில் தேங்கிய நீர். நமது ஆய்வுகள் ஓடுவதை அளக்கின்றன. தேங்கியதைக் கரையிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. சுவர் செங்கல்லா, தளம் சீமெந்தா, தொலைக்காட்சி உண்டா, கடன் உண்டா என்று கேட்கப்படுகின்றது. வீடும் காணியும் நகையும் இன்ன பெறுமதி, அதிற் கடன் போக மிச்சம் இவ்வளவு, அது இன்னார் பெயரில் என்று ஆளுக்கு ஆள் கணக்கிடப்படுவதில்லை. இதன் விளைவு ஏட்டோடு நின்றிருந்தால் நாமும் இதனை ஒரு பண்டித விவகாரம் என்று விட்டுவிடலாம்.

அவ்வாறு நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மாண்டோர் 10,000 பேருக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகியவற்றின் கடலோரத் தெருக்கள் அடியோடு அழிந்தன. அழிந்த வீடுகளில் மிகப் பல பெண்களின் சீதன வீடுகள். பின்னர் நிவாரணம் வந்தது. புதிய வீடுகளும் வந்தன. பத்திரம் நிரப்பிய உத்தியோகத்தர் 'குடித்தனத் தலைவர் யார்?' என்று கேட்டார். கணவனின் பெயர் எழுதப்பட்டது. பல இடங்களில் புதிய வீட்டின் உரிமையும் அவன் பெயருக்கே சென்றது. பெண்ணுரிமை இயக்கத்தினரும் ஆய்வாளரும் அப்போதே இதனைச் சுட்டிக்காட்டினர். பாட்டி தாய்க்கும், தாய் மகளுக்கும் கொடுத்து வந்த வீடு, ஓர் அரசாங்கப் பத்திரத்தின் ஒற்றைக் கட்டத்தினால் கைமாறிற்று. கடல் கொண்டுபோனது சுவர்களை. உரிமையைக் கொண்டுபோனது வகைப்பாடு.

இது தற்செயலன்று. கல்லோயா போன்ற குடியேற்றக் காணிகளை ஆண்ட 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனை நிறுத்தியது. 2022 இலேதான் அப்பாரபட்சம் திருத்தப்பட்டது. அரசு கற்பனை செய்த குடும்பத்துக்கு நெடுங்காலமாகவே ஆண் முகம்.

மற்றொரு காட்சியையும் நோக்குக. அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில், கடற்கோளால் வீடிழந்தோர்க்காகச் சவூதி அரேபிய உதவியில் 500 வீடுகள் எழுப்பப்பட்டன. பகிர்வு குறித்த வழக்கும் தீர்ப்பும் குறுக்கிட, அவை பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தன. தேசியக் கணக்கின் விதிப்படி, கட்டிடம் எழுந்த ஆண்டிலேயே அது முதலீடாகிவிடும். நாட்டின் செல்வம் அந்த அளவுக்குப் பெருகியதாகிவிடும். அவ்வீடுகளுக்கு உரியவர்களோ கூரைக்காகக் காத்திருந்தனர். செல்வம் யாருடையது என்று கேளாத எண்ணுக்கு, குடியிருக்கும் வீடும் பூட்டிய வீடும் ஒன்றே.

ஆளுக்கு ஆள் செல்வத்தைக் கணக்கிடுவது நடைமுறைக்கு ஒவ்வாதென்பர் சிலர். நகையும் நிலமும் எவ்வளவு என்று கேட்டால் மக்கள் கதவடைப்பர் என்பர். ஆனால் இது செய்து காட்டப்பட்ட காரியம். 2010 ஆம் ஆண்டளவில் கருநாடகம், கானா, எக்குவடோர் ஆகிய இடங்களில் ஆய்வாளர் குழுவொன்று, ஒரு வீட்டினுள்ளேயே எவருக்கு எது சொந்தம் என்று தனித்தனியே கேட்டுப் பதிந்தது. ஐக்கிய நாடுகள் அமைப்பு இதற்கான வழிகாட்டியை 2019 இல் வெளியிட்டது. ஸ்டிக்லிட்ஸ், அமர்த்தியா சென், ஃபித்துசி ஆகியோர் தலைமையிலான ஆணைக்குழு, வருமானம், நுகர்வு, செல்வம் மூன்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும், அவை எவ்வாறு பகிரப்பட்டுள்ளன என்று பார்க்கவேண்டும் என 2009 இலேயே கூறிவிட்டது. வழி தெரியாமையன்று தடை; கேட்க மனமில்லாமையே தடை. செல்வத்தைக் கேட்கத் தொடங்கினால் அக்கேள்வி சாய்ந்தமருதில் மட்டும் நில்லாது, கொழும்பின் பெருமாளிகைகளுக்கும் போகும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஏழையின் செல்வத்தை மட்டும் எண்ண அரசுக்குத் தயக்கமில்லை. 2023 இல் வந்த அஸ்வெசும நலத்திட்டம், உதவிக்கு உரியவரைத் தேர வீட்டின் நிலையையும் உடைமைகளையும் அளக்கின்றது. மகளுக்கென்று கடன்பட்டுக் கட்டிய சீமெந்துச் சுவரே, தாயின் உதவிப்பணத்துக்கு எதிரான சாட்சியாக நிற்கக்கூடும். ஏழையின் சுவரைத் தட்டிப் பார்க்கும் கை, அதன்மேல் ஏறியுள்ள கடனையும் அச்சுவர் எவருடையது என்பதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே, பொருளியல் வகுப்பிலே இவ்வறிக்கைகளை அடுத்த முறை விரிக்கும்போது, சராசரியைக் கரும்பலகையில் எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தெருவிலுள்ள வீடுகள் எவர் பெயரில் இருக்கின்றன, எவருடைய உழைப்பால் எழுந்தன, அவற்றின்மேல் எவ்வளவு கடன் நிற்கின்றது என்று உங்கள் மாணவரைக் கொண்டு கேட்பியுங்கள். கிடைக்கும் விடைகளை அச்சிட்ட அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 'குடித்தனத் தலைவர் யார்?' என்ற கேள்வியோடு, 'இந்த வீடு யாருடையது?' என்ற கேள்வியும் அரசாங்கப் பத்திரத்தில் இடம்பெறும்வரை, கல்முனைக் கரையின் பெண்கள் தேசியக் கணக்கிலே வாடகைக் குடிகளாகவே இருப்பர்.