கண்ணி வைப்பவனும் துப்பாக்கி வைத்திருப்பவனும்: ஒரு சட்டப் பிரதியை வாசித்தல்

நற்றிணை 119ஆம் பாட்டில் ஒரு பொறி வருகிறது. தினை தின்ன வரும் பன்றிக்காகப் புனவன் பெரிய கல்லை நிறுத்தி வைத்த பொறி. அடார் என்று பேர். அதில் வந்து மாட்டுவது புலி. தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதைத் தோழி கூற்று, சிறைப்புறம், உள்ளுறை என்று பிரித்துப்போட்டு மார்க் வாங்கிக்கொண்டு போய்விடுவோம். வைத்தது யார், எதற்காக வைத்தான், என்ன மாட்டியது என்ற மூன்றையும் பாட்டு தனித்தனியாகச் சொல்லியிருப்பது கண்ணில் படுவதில்லை. பழம்பாட்டுக்குத் தெரிந்த இந்த வேறுபாடுகள் இன்றைய சட்டத்துக்கு ஏன் தெரியாமல் போயின என்பதுதான் என் கேள்வி.

நான் சட்டம் படித்தவனல்ல. ஆனால் சட்டமும் ஒரு பிரதிதான். ஆட்களை ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய பிரதி என்பதால் கவிதையைவிடக் கவனமாகவே வாசிக்க வேண்டியிருக்கிறது. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(16), 'வேட்டை' என்றால் என்ன என்று வரையறுக்கிறது. கொல்லுதல், விஷம் வைத்தல், பிடித்தல், துரத்துதல், சுருக்கு வைத்தல், பொறி வைத்தல், இரை வைத்து இழுத்தல், இவற்றுக்கான எந்த முயற்சியும் 'வேட்டை'. இலக்கணம் படித்தவனுக்கு உடனே உறைப்பது ஒன்று உண்டு. இது வெறும் தொழிற்பெயர்களின் வரிசை. எழுவாய் கிடையாது. 'எதற்கு' என்று கேட்க நான்காம் வேற்றுமையும் கிடையாது. தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமில்லை என்று பிரிவு 11 சொல்கிறது. பயிரைக் காக்க என்றால் அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். வயிற்றுக்காக என்பதற்கு இடமே இல்லை. ஒரு வேளைக் குழம்புக்கு முயல் பிடிக்கச் சுருக்கு வைப்பவனும், தோல் வியாபாரிக்காகப் புலிக்கு இரும்புப் பொறி வைப்பவனும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுகிறார்கள். தண்டனையில் கூடக்குறைய இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது எந்த மிருகம், எந்த இடம் என்பவை. எந்த மனிதன், எந்தத் தேவை என்பவை அந்தக் கணக்கில் வருவதில்லை.

இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் 1877இல் வேட்டைக்காரர் சங்கம் அமைத்தார்கள். 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே 'பாதுகாப்பு' என்பதன் பொருள், துரை சுடுவதற்கு மிருகம் மிச்சமிருக்க வேண்டும் என்பதே. துப்பாக்கியால் சுடுவது வீரம், 'ஸ்போர்ட்'. வலையும் கண்ணியும் திருட்டு. கனவான், கயவன் என்ற எதிர்வு ஆயுதங்களின் மேல் ஏற்றப்பட்டது. இதே காலத்தில்தான் குற்றப் பரம்பரைச் சட்டமும் வருகிறது (1871, சென்னை மாகாணத்துக்கு 1911). ஊர் ஊராகத் திரிந்து பிடித்தும் விற்றும் பிழைத்த கூட்டங்களைச் சந்தேகத்துக்குரியவர்களாகக் கட்டமைத்த அதே பார்வைதான் கண்ணியையும் பார்த்தது.

விடுதலைக்குப் பிறகு வந்த 1972 சட்டம் இதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அதன் மூல வடிவத்தில் பெரிய வேட்டை, சிறிய வேட்டை என்றெல்லாம் உரிமங்கள் இருந்தன. விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிக்கத் தனி உரிமமும் இருந்தது. அதாவது பொறிவைத்தல் வேறு, சுடுதல் வேறு என்று சட்டத்துக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தது. 1991 திருத்தம் வேட்டை உரிமங்களை ஒழித்தது. ஜமீன்தார், துரை, கலெக்டர் என்று பொழுதுபோக்குக்குச் சுட்டவர்களின் காலம் அத்தோடு முடிந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அவர்களுக்கு அது பொழுதுபோக்கு, போனதில் நஷ்டமில்லை. பிழைப்பாக வைத்திருந்தவனும் அதே வரியில் அடிபட்டான்.

பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியைச் சரிசெய்ய வந்தது என்று தன் முன்னுரையிலேயே சொல்லிக்கொள்கிறது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதன் பிரிவு 3(1) உரிமைகளை வரிசையாக அடுக்குகிறது. கடைசிக்குச் சற்று முன், மரபாக அனுபவித்துவந்த வேறெந்த உரிமையும் உண்டு என்று தாராளமாகக் கை நீட்டி, அதே வாக்கியத்தில், வேட்டையாடும் உரிமையும் பொறிவைக்கும் உரிமையும் நீங்கலாக என்று கையை இழுத்துக்கொள்கிறது. தேன் எடுக்கலாம், கிழங்கு தோண்டலாம், முயல் பிடிக்கக் கூடாது. 1972 சட்டம் பழங்குடிகளின் வேட்டை உரிமையைத் தொடாமல் விட்டது நிக்கோபார் தீவுகளில் மட்டும் (பிரிவு 65).

இப்போது 2022 டிசம்பருக்கு வருவோம். அந்த ஒரே கூட்டத்தொடரில் இரண்டு மசோதாக்கள் மாநிலங்களவையைத் தாண்டின. ஒன்று, காட்டுயிர்ச் சட்டத் திருத்தம். பொதுவான குற்றங்களுக்கான அபராத உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக்கியது. மற்றொன்று, தமிழகத்தின் பழங்குடிப் பட்டியலில் 'நரிக்குறவன், குருவிக்காரன்' என்ற பெயர்களைச் சேர்த்தது. குருவி பிடித்ததால் குருவிக்காரர். அவர்களைக் குறிக்கும் 'வாக்ரி' என்ற சொல்லையே, வலை, கண்ணி எனப் பொருள்படும் 'வாகுரா' என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. தொழிலைப் பேராகப் பட்டியலில் எழுதிக்கொண்ட அதே அவை, அந்தத் தொழிலுக்கு அபராதத்தை நாலு மடங்காக்குகிறது. பேர் வேண்டும், பேருக்குரியவன் செய்த வேலை வேண்டாம். அடையாளம் அங்கீகரிக்கப்படுவது இப்படித்தான், பல்லைப் பிடுங்கிய பிறகு.

மறுமாதம், 2023 ஜனவரியில், மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எதற்கு? பாம்பு பிடித்ததற்கு. இருவரும் 2017இல் ப்ளோரிடாவுக்கே போய் அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தவர்கள். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1976இல் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது, பிழைப்பு போயிற்று. 1978இல் ரோமுலஸ் விட்டேகர் போன்றோரின் முயற்சியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவது. அந்த விஷத்தில்தான் நமக்கெல்லாம் விஷமுறிவு மருந்து. கையும் கடப்பாரையும் புற்று பார்க்கும் கண்ணும் மாறவில்லை. அனுமதிச் சீட்டு வந்ததும் 'குற்றம்' 'அறிவு' ஆகிவிட்டது. ஆகப் பிடிப்பவனோடு உட்கார்ந்து பேசி, பிழைப்பையும் உயிரையும் சேர்த்துக் காப்பாற்ற வழி உண்டு என்று இந்த மண்ணிலேயே நிரூபணமாகியிருக்கிறது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தோடு அது நின்றுபோனது ஏன்?

சரி, அப்ப கண்ணியெல்லாம் நல்லதுதானா என்று சூழலியல் தோழர்கள் கேட்பார்கள். இல்லை. பைக் கிளட்ச் கம்பியில் போடும் சுருக்கு எதையும் பார்த்துப் பிடிப்பதில்லை. பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டி, இடுப்பு அறுந்து சாகிறது. அவுட்டுக்காயைக் கடித்த யானை வாய் கிழிந்து பட்டினியில் சாகிறது. இவற்றைப் 'பாரம்பரிய அறிவு' என்று கொண்டாடுவது மோசடி. அடாரில் மாட்டியது புலி என்று நற்றிணையே சொல்லிவிட்டது. பழைய பொறிக்கும் கண் கிடையாது. தவிர, இன்றைக்குக் கம்பிச் சுருக்கு வைப்பவரெல்லாம் ஆதிவாசியும் இல்லை. பின்னால் தோட்ட முதலாளியும் கறி வியாபாரியும் இருக்கிறார்கள்.

அப்படியானால் தடைசெய்ய வேண்டியது கருவியை. அது நடக்காத காரியமல்ல. காலைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பொறியைப் பேர் சொல்லித் தடைசெய்யும் விதியை ஐரோப்பியச் சமூகம் 1991இல் இயற்றியது. டெல்டாவில் வயல் எலிக்கு வைக்கும் மூங்கில் கிட்டியையும் கம்பிச் சுருக்கையும் தராசில் ஒரே தட்டில் வைக்காத ஒரு சட்டமொழி சாத்தியம்தான். நம் சட்டம் 'வேட்டை' என்ற பெரிய சொல்லைப் பிடித்துத் தொங்குவதால் கருவியும் ஆளும் அதற்குள் கரைந்துபோகின்றன.

கொல்வதே கூடாது என்பது அரசின் நிலைப்பாடு என்றாலாவது புரிந்துகொள்ளலாம். 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று முடிவுசெய்தது. விவசாயிகளின் நஷ்டம் பொய்யில்லை. அவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டதுதான். நான் கவனிக்கச் சொல்வது வேறு. பன்றி செத்தாக வேண்டும் என்று ஆனபோதும் துப்பாக்கிதான் வருகிறது, அதுவும் சீருடையின் கையில். நீலகிரி துரை போட்டுவைத்த படிநிலை இன்னும் அப்படியே இருக்கிறது.

இந்தத் துறையில் அடுத்து எந்தத் திருத்தம் முன்மொழியப்பட்டாலும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, சுடுதல், விஷம் வைத்தல், பொறிவைத்தல் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட வேண்டும். தடைசெய்யப்படும் கருவிகள் பேர் சொல்லிப் பட்டியலிடப்பட வேண்டும். இரண்டு, பிடித்தவனோடு வாங்கியவனும் வாங்கச் சொன்னவனும் முதல் குற்றவாளிகளாக நிற்க வேண்டும். மூன்று, ஒரு தொழிலைத் தடைசெய்யும் வரியும் அதற்கு மாற்றுப் பிழைப்பு தரும் வரியும் ஒரே சட்டத்தில் வர வேண்டும்; அதை எழுதும் மேசையில் இருளரும் வாக்ரிகளும் உட்கார வேண்டும். கண்ணி எங்கே வைக்கப்படும், எந்தத் தடத்தில் எந்த மிருகம் வரும், எந்தச் சுருக்கு கொல்லும், எது பிடிக்க மட்டும் செய்யும் என்பது தெரிந்த ஆட்கள் அவர்கள்தான். அவர்களைக் கேட்காமல் எழுதப்படும் எந்தச் சட்டமும் காட்டையும் காப்பாற்றப் போவதில்லை.