பழங்கார் எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பு சுழன்ற விதம்

எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓடவைக்கும் பம்புக்கு எஞ்சினிலிருந்தேதான் விசை வந்தாக வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது என்பதில் 1890களிலிருந்து 1930கள் வரை கார் கட்டியவர்கள் தனித்தனி மரபினராகவே இருந்தனர்.

மிகப் பழைய வழி உராய்வு. பனார் லெவாசோர் போன்ற தொடக்ககாலக் கார்களில் பம்புத் தண்டின் நுனியிலிருந்த சிறு சக்கரம் ஃபிளைவீலை அழுத்தி உரசிச் சுழன்றது. செய்வது எளிது, நம்புவது கடினம். சிறிது எண்ணெய் பட்டாலும் சக்கரம் வழுக்கும். பம்பு நின்றது ஓட்டுநருக்குத் தெரியும்போது தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்.

பம்பே வேண்டாம் என்றது இன்னொரு மரபு. சூடான நீர் எடை குறைந்து மேலேறும், ரேடியேட்டரில் குளிர்ந்த நீர் கீழிறங்கும். இந்தத் தெர்மோசைஃபன் ஓட்டமே போதும் என்பது அதன் கொள்கை. ஃபோர்டு மாடல் டி 1908இல் பம்புடன்தான் வந்தது. ஏறத்தாழ 2,500 கார்களுக்குப் பின் ஃபோர்டு அதைக் கழற்றிவிட்டார். 1927இல் உற்பத்தி நிற்கும்வரை திரும்ப வைக்கவில்லை. 1922இல் வந்த ஆஸ்டின் செவனும் இந்த வழியே சென்றது. குழாய்கள் அகலமாக இருக்க வேண்டும், நீர்மட்டம் மேல்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் ஓட்டம் அறுந்துவிடும்.

பொறியாளரின் கைத்திறன் முழுமையாகத் தெரிவது பக்கத்தண்டு மரபில்தான். எஞ்சினின் முன்புற டைமிங் கியரிலிருந்து ஒரு தண்டு சிலிண்டர் வரிசையை ஒட்டிப் பின்னோக்கிப் போகும். அதில் முதலில் பம்பு, அதன் பின்னால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோ அல்லது டைனமோ என்று ஒரே கோட்டில் கோத்திருப்பார்கள். வேகத்தைப் பெரும்பாலும் மேக்னட்டோவே முடிவு செய்தது: நான்கு சிலிண்டரில் அது கிராங்க் தண்டின் வேகத்திலேயே சுழல வேண்டும், ஆறு சிலிண்டரில் ஒன்றரை மடங்கில். பம்பும் அதற்கு இணங்கியது. இரண்டு தண்டுகள் இம்மியும் பிசகாமல் ஒரே கோட்டில் நிற்பது அரிது என்பதால் இடையில் ஓல்ட்ஹாம் கப்ளிங்கோ தோல், துணி வட்டுகளோ வைத்தனர். இந்த மரபில் வழுக்கலே கிடையாது. அதன் பெருமையும் ஆபத்தும் அதுதான். குளிர்நாட்டு இரவில் பம்புக்குள் நீர் உறைந்திருக்க, காலையில் எஞ்சினைச் சுழற்றினால் ஏதாவது ஒன்று உடையும். அதனால் குளிர்கால இரவுகளில் தண்ணீரை வடித்துவிடுவது வழக்கமாயிற்று.

எஞ்சினுக்குக் குறுக்கே தண்டு போட்டவர்களும் உண்டு. 1915ஆம் ஆண்டு மாடலாக வந்த கேடிலாக் வி-8இல் முன்புறக் குறுக்குத்தண்டு ஒன்று இரு பக்கத்துக்கும் தனித்தனிப் பம்பை ஓட்டியது.

கடைசியில் வென்றது பெல்ட். ஃபோர்டு மாடல் ஏ 1927இன் இறுதியில் வந்தபோது பம்பும் விசிறியும் ஒரே தண்டில் இருந்தன. டைனமோவையும் ஓட்டிய அதே வி-பெல்ட் அவற்றையும் சுழற்றியது. 1932இன் ஃபோர்டு வி-8இல் பம்புகள் சிலிண்டர் ஹெட்டின் முன்னால் நின்று, சூடான நீரை உறிஞ்சின. அது தவறான இடம். கொதிநிலையை நெருங்கிய நீரை உறிஞ்சும்போது ஆவி சேரும். 1937இல் அவை பிளாக்குக்கு மாறி, குளிர்ந்த நீரை உள்ளே தள்ளத் தொடங்கின.

எந்த மரபானாலும் தரம் தெரியுமிடம் தண்டு பம்புக்குள் நுழையும் வாய். விண்டேஜ் காலத்தில் அங்கே கிராஃபைட் தடவிய கயிற்றுப் பேக்கிங்கும், அதை அழுத்தும் கிளாண்டு நட்டும், ஒரு கிரீஸ் கப்பும் இருந்தன. பழங்காரைப் புதுப்பிப்போர் கசிவை அடியோடு நிறுத்த நினைத்து அந்த நட்டை இறுக்கிக்கொண்டே போகக் கூடாது. தண்டில் வரி விழும். வரி விழுந்த தண்டு புதுப் பேக்கிங்கையும் தின்றுவிடும். ஓடும்போது எப்போதாவது ஒரு சொட்டு விழுவது குறையன்று.