புதிய மாடமும் பழைய கடைக்காரரும்

சேலம், நாமக்கல் சமவெளியின் ஊர்ப்பெயர்களைச் சற்றே ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். சேலம் நகருக்குள் செவ்வாய்ப்பேட்டை இருக்கிறது. நாமக்கல்லுக்கு வடக்கே நெடுஞ்சாலையில் புதன்சந்தை இருக்கிறது. கிழமையின் பெயரே இங்கு இடத்தின் பெயராகிவிட்டது. கட்டடம் எழும்புவதற்கு முன்பே சந்தை கூடியது. சந்தை கூடிய இடத்தைச் சுற்றியே குடியிருப்பு வளர்ந்தது. விற்பவரும் வாங்குபவரும் குறித்த நாளில், குறித்த இடத்தில் ஒருவரையொருவர் நம்பி வந்து சேர்வதே அங்காடியின் உயிர். கூரையும் சுவரும் பின்னால் வந்தவை. நாளங்காடி என்றும் அல்லங்காடி என்றும் பொழுதைக் கொண்டே கடைத்தெருவுக்குப் பெயரிட்ட மொழி நம்முடையது என்பதையும் ஈண்டு நினைவுகூர வேண்டும்.

இதனை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய அங்காடிகளை இடித்துப் புதிய வணிக வளாகங்கள் எழுப்பும் காலத்தில் நாம் வாழ்கிறோம். புதிய கட்டடத்தைக் கண்டு வியப்போர் பலர். பழைய கட்டடத்தை எண்ணி ஏங்குவோர் சிலர். ஆனால் இரு சாராருமே கட்டடத்தைத்தான் பார்க்கின்றனர். அதனுள் இருந்த மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பவர் அரியர். அக்கேள்வியை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேலத்தையே எடுத்துக்கொள்வோம். 1866-இல் நகராட்சியாகி, 1994-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் இது. மத்திய அரசு 2015-இல் அறிவித்த சீர்மிகு நகரத் திட்டத்தில், 2016 செப்டம்பரில் வெளியான பட்டியலில் மதுரை, தஞ்சாவூர், வேலூர் ஆகியவற்றோடு சேலமும் இடம்பெற்றது. ஒவ்வொரு நகருக்கும் மத்திய அரசின் பங்காக 500 கோடி ரூபாயும், அதற்கு ஈடாக மாநிலத்தின் பங்கும் என்பது திட்டத்தின் ஏற்பாடு. அத்திட்டத்தின் கீழ்ப் பழைய பேருந்து நிலையம் முற்றிலும் இடிக்கப்பட்டு, ஈரடுக்குப் பேருந்து நிலையமாக 2023 ஜூன் 11-இல் திறக்கப்பட்டது. நகரத்தின் பூவும் காய்கறியும் கைமாறும் வ.உ.சி. மார்க்கெட்டும் அத்திட்டத்திலேயே புதுப்பிக்கப்பட்டது.

இவ்விடங்கள் நம் சமுதாயத்திற்கு அந்நியமானவை அல்ல. திருமணிமுத்தாற்றங்கரையின் ஜாமிஆ மஸ்ஜித், கோட்டைப் பகுதி, சின்னக்கடை வீதி, பழைய பேருந்து நிலையம் ஆகிய யாவும் நடந்து செல்லும் தூரத்தில் அமைந்தவை. சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, ஜும்ஆத் தொழுதுவிட்டு, வீட்டுக்கு வேண்டிய சாமான்களை வாங்கிக்கொண்டு மறுபடி பேருந்து ஏறும் ஏற்பாடு இந்த நெருக்கத்தால் அமைந்தது. தொழுகையும் வாணிபமும் பயணமும் ஒரே சுற்றுக்குள் அடங்கிய நகர அமைப்பு அது. அதில் எந்த ஓர் அங்கத்தைத் தொட்டாலும் மற்றவையும் அசையும்.

பழையதை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று நாம் வாதாட வரவில்லை. பழைய அங்காடிகள் பலவற்றில் மழைநீர் தேங்கும், சாக்கடை வழிந்தோடும், பெண்களுக்குக் கழிப்பறை இராது, தீப்பிடித்தால் வெளியேற வழி இராது. விடியுமுன் வந்து பிற்பகல் வரை பூக்கூடையோடு அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு நல்ல தரையும் நிழலும் குடிநீரும் கிடைப்பது இரக்கம் அன்று, அவருடைய உரிமை. பழமையின் அழகைப் பாடுவோர் பெரும்பாலும் அந்தத் தரையில் அமர்ந்து வியாபாரம் செய்தவர்கள் அல்லர்.

எனினும் புதுப்பிப்பதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு என்று எண்ணுவது பிழை. சீர்மிகு நகரத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளே இரண்டையும் வேறுபடுத்திப் பேசுகின்றன: இருக்கும் கட்டடங்களைப் பெரும்பாலும் அவ்வாறே வைத்துக்கொண்டு குறைகளைச் சீர்செய்வது ஒன்று, இருப்பதை அகற்றிவிட்டுப் புதிதாக எழுப்புவது மற்றொன்று. நம் நகரங்களில் அங்காடி என்று வந்துவிட்டால் இரண்டாவது வழியே விரும்பப்படுகிறது. இடித்துக் கட்டியது கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டுப் பதிக்கலாம். சாக்கடையைச் சீர்செய்தது யார் கண்ணுக்குத் தெரியும்?

ஓர் அங்காடியில் பிழைப்போர் நான்கு வகையினர். மாநகராட்சியின் ஏட்டில் பெயருள்ள கடைக்காரர் முதல் வகை. அவரிடமிருந்து வாய்ச்சொல்லை நம்பி உள்வாடகைக்குக் கடை எடுத்து, உண்மையில் நாள்தோறும் கல்லாவில் அமர்ந்திருப்பவர் இரண்டாம் வகை. கடைவாசலிலும் நடைபாதையிலும் கூடை வைத்து விற்பவர் மூன்றாம் வகை. மூட்டை தூக்குவோர், தள்ளுவண்டிக்காரர், தேநீர் கொண்டுவந்து கொடுக்கும் பையன் ஆகியோர் நான்காம் வகை. அங்காடி இடிக்கப்படும்போது ஏடு முதல் வகையினரை மட்டுமே அறியும். மற்ற மூவகையினரும் அரசின் கணக்கில் என்றுமே இருந்ததில்லை. ஆகையால் அவர்கள் இழந்ததாகவும் கணக்கு இல்லை.

முதல் வகையினரும் தப்பிவிடுவதில்லை. உள்ளாட்சிக் கடைகளைப் பொது ஏலத்தில் விடுவது வழக்கம். நேர்மைக்காக ஏற்பட்ட வழக்கம்தான், அதனைக் குறைகூறவில்லை. ஆனால் புதிய வளாகத்தின் கடைகள் ஏலத்துக்கு வரும்போது, கையில் ரொக்கம் உள்ளவர் எடுக்கிறார். கைத்தொழில் உள்ளவர் தோற்கிறார். பெரும் வைப்புத் தொகை கட்டி எடுத்தவர் அதனை மீட்க வேண்டும். எனவே அவர் மலிவான பொருளை விற்க இயலாது. அல்லது கடையை உள்வாடகைக்கு விட்டு ஏலத்தொகைக்கு மேல் வசூலிக்க வேண்டும். குடைக்கும் பூட்டுக்கும் பழுது பார்ப்பவர், அத்தரும் தொப்பியும் விற்பவர், கத்தி சாணை பிடிப்பவர் ஆகியோரின் நாள் வருமானம் அந்த வாடகையைத் தாங்காது. அவர்கள் போனபின் அவர்களைத் தேடி வந்த ஏழை வாடிக்கையாளரும் போய்விடுகிறார். எவரும் அவரை விரட்டவில்லை. அவருக்கு அங்கே வேலையில்லாமற் போயிற்று, அவ்வளவே.

மாடியின் கதையும் இத்தகையதே. நிலத்தின் விலை ஏறியதால் மேல்நோக்கிக் கட்டுகிறார்கள். துணிக்கடையும் அலுவலகமும் மாடியில் நடக்கலாம். பூவும் கீரையும் நடக்குமா? பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் வரும் குண்டுமல்லிக்கு ஆயுள் சில மணி நேரம். மூட்டையைத் தூக்கிப் படியேறும் ஒவ்வோர் அடிக்கும் கூலி உண்டு. வாங்க வந்தவர் படியேறத் தயங்கும் ஒவ்வொரு கணத்திற்கும் நட்டம் உண்டு. வாடும் பொருளை விற்பவருக்குத் தரைத்தளமே வாழ்வு என்பதை வரைபடம் தீட்டுவோர் அறிந்திருக்க வேண்டும்.

வேறு ஊர்களின் அனுபவமும் நமக்கு முன் இருக்கிறது. சென்னையின் மூர் மார்க்கெட்டை நம்மில் மூத்தோர் அறிவர். 1898-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1900-இல் திறக்கப்பட்ட அச்செங்கல் மாளிகை, பழைய புத்தகம் முதல் பறவைக் கூண்டு வரை கிடைத்த இடம். 1985 மே 30-இல் அது தீக்கிரையாயிற்று. அந்நிலத்தில் இரயில்வேயின் கட்டடம் எழுந்தது. வணிகர்களுக்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் தரப்பட்டது. பெயரும் ஓரளவு தொழிலும் பிழைத்தன. ஆயினும் பழைய மூர் மார்க்கெட்டின் கலகலப்பு அங்கே குடியேறவில்லை. பல தரப்பட்ட கடைகள் ஒன்றையொன்று தாங்கி நின்ற அமைப்பு ஒருமுறை கலைந்தால், அருகிலேயே இடம் கொடுத்தாலும் அது மறுபடி கூடுவது அரிது.

திருச்சியில் இதன் மறுபுறத்தைக் கண்டோம். காந்தி மார்க்கெட்டின் நெரிசலைத் தீர்க்க மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் பெரும் பொருட்செலவில் மைய அங்காடி கட்டினார்கள். வணிகர்கள் செல்ல மறுத்தார்கள். கட்டடம் வணிகமின்றி நின்றது. கட்டுமுன் அவர்களிடம் மனமொன்றிப் பேசியிருந்தால் ஒன்று இடம் மாறியிருக்கும். அல்லது பணம் மிஞ்சியிருக்கும்.

சட்டம் இதுபற்றி மௌனமாக இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், விற்போரும் வாங்குவோரும் மரபாகக் கூடும் இடத்தை இயற்கைச் சந்தை என்றே குறிப்பிடுகிறது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. அவர்களுள் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். 50 ஆண்டுகளுக்கு மேலாகத் தெருவோர வியாபாரிகள் தொழில் செய்துவரும் இயற்கைச் சந்தையை மரபுச் சந்தையாக அறிவிக்க வேண்டும் என்றும், அங்குள்ளோரை அப்புறப்படுத்தலாகாது என்றும் அச்சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. நம் வியாபாரச் சகோதரர்களுள் எத்தனை பேர் இதனை அறிவர்? அறியாத உரிமை பெட்டிக்குள் பூட்டிய விளக்கு.

முஸ்லிம்களாகிய நமக்கு இவ்விஷயத்தில் தனிப்பொறுப்பும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா சேர்ந்தபின் பள்ளிவாசலை அமைத்ததோடு முஸ்லிம்களுக்கெனச் சந்தைக்கும் இடம் குறித்தார்கள் என்றும், அங்கே வரி விதிக்கலாகாது என்று பணித்தார்கள் என்றும் வரலாற்று அறிவிப்புகள் கூறுகின்றன. பள்ளிவாசலில் முந்தி வந்தவருக்கு அவ்விடம் உரியதாவது போலச் சந்தையிலும் முந்தி வந்தவருக்கு அன்றைய பொழுதுவரை இடம் உரியது என்பது ஆதியில் இருந்த ஒழுங்கு. ஹலரத் உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணிக்குச் சந்தைக் காரியங்களில் பொறுப்பளிக்கப்பட்டதாகவும் அறிவிப்பு உண்டு. வலுத்தவன் இளைத்தவனைச் சந்தையிலிருந்து தள்ளிவிடாதபடி காப்பது ஆட்சியின் கடமை என்பதே இவற்றின் சாரம்.

அந்த மரபு பின்னர் எப்படி வளர்ந்தது என்பதற்கு இரு சான்றுகள் போதும். இஸ்தான்புல் பெருங்கடைத்தெருவின் கருவை 15-ஆம் நூற்றாண்டில் சுல்தான் இரண்டாம் முஹம்மது கட்டுவித்தபோது, அதன் வருமானம் அயாசோபியா பள்ளிவாசலுக்கு வக்ஃபாக அமைந்தது. பூகம்பமும் தீயும் அதனைப் பலமுறை தாக்கின. ஒவ்வொரு முறையும் அது அவ்விடத்திலேயே செப்பனிடப்பட்டது. ஈரானின் தப்ரீஸ் கடைத்தெருவின் சீரமைப்பு 2013-இல் ஆகாகான் கட்டடக்கலைப் பரிசு பெற்றது. அங்கே ஒரு பகுதியை முதலில் செப்பனிட்டுக் காட்டினர். பயன் கண்ட வணிகர்கள் பின்னர்த் தாமே முன்வந்து செலவில் பங்கேற்றனர். கடைக்காரரைப் பங்காளியாக்கியதால் கட்டடமும் பிழைத்தது, கடைத்தெருவும் பிழைத்தது.

இங்ஙனம் பிறரைத் திறனாயும் நாம், நம் வீட்டு வாசலையும் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் பள்ளிவாசலை ஒட்டி வக்ஃபுக் கடைகள் உள்ளன. இமாம், முஅத்தின் சம்பளமும் மதரஸாவின் செலவும் அந்த வாடகையில் நடக்கின்றன. இங்கே இரு அநீதிகள் எதிரெதிரே நிற்கின்றன. பல்லாண்டுகளுக்கு முன் பேசிய அற்ப வாடகையையே கொடுத்துக்கொண்டு, அதே கடையைப் பெருந்தொகைக்கு உள்வாடகை விட்டு உண்பவர் ஒருபுறம். அவர் உண்பது எத்தீமின் பங்கு, ஏழை மாணவனின் பங்கு. 2013-ஆம் ஆண்டின் திருத்தம் 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வக்ஃபுக் குத்தகையைச் செல்லாது என்று சொன்னதன் நியாயம் இதில் இருக்கிறது. மறுபுறம், வளாகம் கட்டுகிறோம் என்று சொல்லிக் கடைகளைக் காலி செய்து, பணமுள்ளவரிடம் முன்பணம் திரட்டி, மாடிமேல் மாடி எழுப்பி, முன்னர் அங்கே தைத்துப் பிழைத்த தையற்காரரையும் பெட்டிக்கடை வைத்திருந்த விதவையையும் மறந்துவிடும் நிர்வாகம். மாநகராட்சி செய்தால் கொடுமை, ஜமாஅத் செய்தால் வளர்ச்சி என்று நாம் இரு தராசுகள் வைத்திருக்கலாமா? அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்த வேதத்தை ஓதுகிறவர்கள் நாம்.

எனவே நாம் வேண்டுவன சில. இடிக்குமுன் பதிவேடு எழுதுக. ஏட்டில் உள்ளவரை மட்டுமன்று, அங்கே நாள்தோறும் பிழைக்கும் நால்வகையினரையும் எழுதுக. கட்டி முடியும் காலத்திற்குத் தற்காலிக இடத்தை அருகிலேயே தருக. தரைத்தளத்தில் ஒரு பகுதியை ஏலத்துக்கு அப்பாற்பட்டதாக வைத்து, பழைய சிறுகடைக்காரருக்கும் கூடைக்காரருக்கும் தாங்கக்கூடிய வாடகையில் தருக. வாடகையைக் காலந்தோறும் நியாயமாக உயர்த்துக. உள்வாடகையைத் தடை செய்க. முழுவதையும் ஒரே நாளில் இடிக்காமல், பகுதி பகுதியாகச் சீர்செய்க.

இதே சமவெளியின் நாமக்கல் நகருக்கும் 2024-இல் முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம் வந்திருக்கிறது. மலைக்கோட்டையின் அடியில், பழைய நிலையத்தைச் சுற்றி வளர்ந்த கடைத்தெருவின் எதிர்காலம் பற்றி அவ்வூர் ஜமாஅத்தாரும் வணிகர் சங்கத்தாரும் இப்போதே ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். இடிக்கும் இயந்திரம் வந்து நின்றபின் பேசிப் பயனில்லை. வக்ஃபுக் கடைகள் உள்ள ஒவ்வொரு ஜமாஅத்தும் வரும் ஆண்டுக் கூட்டத்திலேயே, அக்கடைகளில் இன்று உண்மையில் உழைப்பவர் யார் என்று ஒரு பட்டியல் எழுதிப் படிக்கட்டும். மாநகராட்சியிடம் நியாயம் கேட்கப் புறப்படுமுன், அந்த ஒரு தாளை நாம் கையில் வைத்திருப்பது நலம்.